கட்டுரையாளரிடம் கேட்க

அவள் கேட்ட கட்டுரையை யாரோ அவளிடமே கேட்டிருந்தார்கள்.

மின்னஞ்சலை மறுபடி படித்தாள். 'உங்கள் கட்டுரையின் முழு வடிவத்தை ஒருவர் கேட்கிறார்.' கேட்டவர், விலங்கியல் துறை. கல்லூரி, அவள் வேலை பார்க்கும் இதே கல்லூரி.

துறையின் பொதுக் கணக்கிலிருந்து போன வாரம் அவள்தான் கேட்டிருந்தாள்.

கல்லீரலுக்கு ஒரு மூலிகைப் பொடி. கோவில்பட்டியில் இருக்கும் தங்கை பூங்கோதை, காமாலை வந்த தன் கணவனுக்காக வாங்கியிருந்தாள். ஆராய்ச்சியெல்லாம் நடந்திருக்கிறதாம், இணையத்தில் இருக்கிறதாம். பார்த்துச் சொல்கிறேன் என்று தங்கையிடம் சொல்லியிருந்தாள்.

தேடினாள். நாலு வரிச் சுருக்கம் மட்டும் கிடைத்தது, அதில் செடியின் பெயர்கூட இல்லை. முழுக் கட்டுரைக்கு டாலரில் காசு. எழுதியவர்கள், மு. பிரணேஷ் மற்றும் பலர். கீழே ஒரு பொத்தான். 'கட்டுரையாளரிடம் கேட்க.'

எல்லோரும் செய்வதுதான். காசு கொடுத்துக் கட்டுரை படித்த ஒருவரை இந்தத் தொழிலில் அவள் பார்த்ததில்லை.

அழுத்தினாள். காத்திருந்தாள்.

இப்போது தெரிகிறது. அந்தப் பலரில் அவளும் ஒருத்தி.

மேசையில் மதியச் சாப்பாடு திறந்திருந்தது. தயிர் சாதம். மூடி வைத்தாள்.

மின்னஞ்சலின் அடியில் ஒரு கேள்வி. 'இது உங்கள் கட்டுரையா?'

ஆம். இல்லை.

இல்லை என்றால் கட்டுரை திறக்காது. பொடியைப் பற்றி ஒன்றும் தெரியாது.

ஆம் என்று அழுத்தினாள்.

திறந்தது.

முதல் பெயர், அவளுடைய முனைவர் பட்ட வழிகாட்டியின் மகன். பொறியியல் படித்தவன். எலியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறுகிறவன். இரண்டாவது, வழிகாட்டி. மூன்றாவது அவள். கடைசியில் கணக்குப் பேராசிரியர் ஒருவர். வழிகாட்டியின் சம்பந்தி.

வழிகாட்டிக்கு அது வழக்கம். கல்யாணப் பத்திரிகையில் போடுவதுபோலக் கட்டுரையில் பெயர் போடுவார். சம்பந்தப்பட்டவரைக் கேட்பது கிடையாது. பதவி உயர்வு நெருங்கும்போது பழைய மாணவர்கள் தங்கள் பெயரை இணையத்தில் தேடுவார்கள். எழுதாத கட்டுரை ஒன்றிரண்டு அகப்படும். போன் செய்து நன்றி சொல்வார்கள்.

"பேரு போட்டா உனக்குத்தானேம்மா நல்லது" என்பார்.

கட்டுரையைக் கீழே தள்ளினாள். எலிகள் சுறுசுறுப்பாக இருந்தன. எடை கூடின. ஒன்றுகூடச் சாகவில்லை. தசமம் பிசகாமல் எண்கள்.

பிறகு படம். பொடி கொடுத்த எலியின் கல்லீரல். ஆரோக்கியமாக உள்ளது என்று அடியில் போட்டிருந்தது.

ஆரோக்கியமாகத்தான் இருந்தது.

பெரிதாக்கினாள். வலது ஓரத்தில் ஒரு மடிப்பு. மழுங்கிய கத்தியால் அவள் சீவியபோது விழுந்தது. அந்த மடிப்புக்காகத் திட்டு வாங்கியிருக்கிறாள். படம் எடுத்ததும் அவள்தான்.

அது பொடியே கொடுக்காத எலி.

அவளுடைய முனைவர் ஆய்வு தொடங்கியது இதே செடியின் பொடியில்தான். அன்று பொடி கொடுத்த எலிகள் கூண்டின் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. வயிற்றைக் கீறியபோது கல்லீரல் கூழாகக் கையோடு வந்தது. அந்த நாற்றம் சோப்புக்குப் போகவில்லை. சோறு பிசையும்போதெல்லாம் விரலில் இருந்தது. இது சரிப்படாது, வேறு செடி எடுத்துக்கொள் என்று வழிகாட்டி அந்த வேலையை நிறுத்திவிட்டார். அத்தோடு ஒழிந்தது என்று நம்பியிருந்தாள்.

ஒழியவில்லை. செத்ததைத் தோண்டியெடுத்துப் பவுடர் பூசி உட்கார வைத்திருக்கிறார்கள்.

கடைசிப் பக்கத்தில் நன்றி. பொடி தயாரிக்கும் நிறுவனத்துக்கு. அதன் தாராள மனதுக்கு.

சீ.

கையைப் புடவையில் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள். இந்த ஆளுக்கு முன்னால் எத்தனை வருடம் கைகட்டி நின்றோம் என்று நினைத்தபோது அருவருப்பாக இருந்தது. அவர்மேல் மட்டுமில்லை. போன் செய்து நன்றி சொன்ன அத்தனை பேர்மேலும்.

தங்கையை அழைத்தாள்.

"நானே கூப்பிடணும்னு இருந்தேன்க்கா." பூங்கோதை சிரித்தாள். "கடைக்காரரு நேத்து அந்தக் கட்டுரைய அச்செடுத்துக் குடுத்தாரு. பாத்தா உன் பேரு! எங்க அக்காதான்னு கடையில எல்லார்ட்டயும் சொல்லிட்டேன். நீ வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னியா? அடக்கமாக்கும்."

"அந்தப் பொடியக் குடுக்காத. எலியெல்லாம் செத்துப்போச்சு."

சிரிப்பு நின்றது.

"அப்ப ஏன்க்கா அப்படி எழுதுன?"

"நான் எழுதல."

"உன் பேரு இருக்கே."

எங்கிருந்து ஆரம்பிப்பது? இந்தச் சாக்கடையை வெளியாளுக்கு எந்த முனையிலிருந்து காட்டுவது?

"அதெல்லாம் அப்புறம். மாப்பிள்ளைய உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. எவ்வளவு குடுத்த?"

பூங்கோதையின் குரல் இறங்கியிருந்தது.

"மொதல்ல பயந்து பயந்து அரைக் கரண்டிதான் குடுத்தேன். உன் பேரப் பாத்தப்புறந்தான் ரெண்டு கரண்டியாக்கினேன்."