ஆற்றைக் கடக்கும் மாதம்

“ஜூலை பதினாறு” என்றாள் அவள் மறுபடியும்.

டிராவல்ஸ்காரப் பெண் ரெஜினா கீபோர்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

“மேடம், ஆகஸ்ட் கடைசின்னா மிருகமெல்லாம் மந்தை மந்தையா ஆத்துக்கு வந்துரும். ஜூலை நடுவுல வந்தாலும் வரும், வராமலும் போகும். அவ்வளவு தூரம் போயிட்டு வெறும் ஆத்தையா பாத்துட்டு வரப்போறீங்க?”

வெறும் ஆறாக இருந்தாலும் பரவாயில்லை. பதினேழாம் தேதி சேலத்தில் இருக்கக் கூடாது. அவ்வளவுதான்.

பதினேழு, ஆடி ஒன்று.

அவளுக்கு இது தலை ஆடி. நாற்பத்துநாலு வயதில் தலை ஆடி.

சிரிப்பதற்கு ஊரில் ஆளா இல்லை.

கல்யாணமான முதல் ஆடிக்குப் பிறந்த வீட்டிலிருந்து சீர்த்தட்டோடு வந்து பெண்ணையும் மாப்பிள்ளையையும் அழைத்துப் போவார்கள். அன்றைக்குத் தெருவெல்லாம் தேங்காய் சுடுகிற வாசனை. எந்த வீட்டுக்கு ஆள் வந்தது, எந்த வீட்டுக்கு வரவில்லை என்பது பொழுது சாய்வதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

அப்பா இல்லை, அம்மா இல்லை. வந்தால் அண்ணன்தான் வர வேண்டும்.

வருடக்கணக்காக ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர் அண்ணன். அவர் கொண்டுவந்த எதுவும் அமையவில்லை. கடைசியில் அவளாகவே ஒருவரைப் பார்த்து, தை மாதம் பதிவு அலுவலகத்தில் மாலை மாற்றிக்கொண்டாள்.

அண்ணன் வரவில்லை. அதற்கப்புறம் பேசவும் இல்லை.

ஆடிக்கும் வரமாட்டார். அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் விடிந்ததிலிருந்து கேட் சத்தத்துக்கெல்லாம் எழுந்து எழுந்து பார்ப்பாள். அதுவும் தெரியும்.

வீட்டைப் பூட்டிக்கொண்டு கடல் தாண்டிப் போய்விட்டால் வந்தாரா, வரவில்லையா என்ற கேள்வியே இல்லை.

பக்கத்து நாற்காலியில் அவள் கணவர் தனசேகர். பம்ப்செட் கடை வைத்திருக்கிறார். அவருக்கு ஆப்பிரிக்கா என்றால் ஒரே ஒரு ஆறுதான். கென்யாவின் மசாய் மாராவில், மாடு மாதிரி இருக்கும் வில்டபீஸ்ட் கூட்டம் முண்டியடித்துக்கொண்டு கரையிலிருந்து குதிக்கும் அந்த இடம். டிவியில் அது வந்துவிட்டால் சோறு ஆறுவதுகூடத் தெரியாது அவருக்கு. முதலை வாயைத் திறக்கும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இப்போது அவர் காலண்டரைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

“உனக்கு ஜூலைதான் தோதுன்னா ஜூலையிலயே போலாம்மா.”

ஏன் என்று கேட்டிருக்கலாம். ஒரு சத்தம் போட்டிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் அவள் மனசு இவ்வளவு அடித்துக்கொண்டிருக்காது.

அவர் ஆசையை வழித்து எறிந்துவிட்டு அவள் ஓடப்பார்க்கிறாள். வெட்கமாக இருந்தது. ஆனாலும் வாயிலிருந்து ஆகஸ்ட் என்ற சொல் வரவில்லை.

எழுந்தாள். தண்ணீர் கேனில் ஒரு டம்ளர் பிடித்தாள். குடிக்காமலே கொண்டுவந்து மேசையில் வைத்தாள். உட்கார்ந்தாள். சுவரிலிருந்த ஒட்டகச்சிவிங்கி அவளையே பார்ப்பதுபோல் இருந்தது. நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

“சரி, பதினாறே போட்டுடறேன்” என்றாள் ரெஜினா. “அவசரத்துக்குக் கூப்பிட ஆளுக்கொரு நம்பர் குடுங்க. சொந்தக்காரங்களா இருந்தா நல்லது.”

தனசேகர் தன் தங்கை எண்ணைச் சொன்னார்.

அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது ஒரே எண்தான். யோசிப்பதற்குள் வாய் அதைச் சொல்லி முடித்துவிட்டது.

“உறவு?”

“அண்ணன்.”

தனசேகர் திரும்பிப் பார்த்தார்.

ரெஜினா மேசைமேல் போனை வைத்து, ஸ்பீக்கரில் போட்டு, எண்களை அழுத்த ஆரம்பித்தாள்.

“எதுக்கு இப்ப?” அவள் பதறிவிட்டாள்.

“எங்க வழக்கம் மேடம். ஒருத்தர் தப்பு நம்பர் குடுத்துட்டுப் போயி நாங்க பட்ட பாடு போதும். அதுலேர்ந்து உங்களை வச்சுக்கிட்டே ஒருதரம் பேசிடுவோம்.”

வேண்டாம் என்பதற்குள் மணி அடித்துவிட்டது.

எடுக்காமல் இருந்தால் நல்லது என்று நினைத்தாள். எடுக்காமல் போய்விடுவாரோ என்றும் நினைத்தாள்.

“அலோ, யாரு?”

மூன்று மாதமாகக் கேட்காத குரல். பின்னால் குக்கர் விசில். அவள் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டாள்.

ரெஜினா விவரம் சொன்னாள். உங்கள் தங்கையும் அவர் வீட்டுக்காரரும் கென்யா போகிறார்கள், உங்கள் எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள், சரிபார்க்கத்தான் கூப்பிட்டோம்.

அந்தப் பக்கம் குக்கர் இன்னொரு விசில் அடித்தது.

“சார், லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேன். என் நம்பரையா குடுத்துச்சு?”

“ஆமா சார்.”

அங்கே யாரோ அடுப்பை அணைக்கும் சத்தம்.

“என்னிக்குக் கெளம்புது?”

“ஜூலை பதினாறு சார்.”

காலண்டர் தாள்கள் புரளும் சத்தம். ஒவ்வொன்றாகப் புரண்டு நின்றது.

“அப்ப ஆடி ஒண்ணுக்கு ஊர்ல இருக்காதா?”

கேட்டுவிட்டு அவர் காத்திருந்தார். ரெஜினா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். போனுக்குக் கேட்கும்படியாக, வேண்டுமென்றே உரக்கக் கேட்டாள்.

“ஆகஸ்ட் கடைசியில போனா, எல்லாம் வந்துடும்னுதானே சொன்னீங்க?”

காலையிலிருந்து அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்த ரெஜினா, முதலிலிருந்து மறுபடியும் சொல்ல ஆரம்பித்தாள்.

தனசேகர் டம்ளரை எடுத்து அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

போனை இன்னும் யாரும் வைக்கவில்லை.