ஞானஸ்நான நோட்டு

ரோட்டுக்குக் குறுக்கே பாறாங்கற்களை உருட்டிப் போட்டிருந்தார்கள். கல்லுக்குப் பின்னால் நாற்பது ஆம்பளைகள், கையில் கொடுவாளும் தடியுமாக.

"நிறுத்துடா வண்டிய! ஒரு அடி நகந்தா டயர வெட்டிடுவேன்!" என்று கத்தியவர் சின்னதம்பிக் கவுண்டர். அந்த ஜவ்வாது மலைக் கிராமத்துக்கு ஊர்க்கவுண்டரும் அவர்தான், காளியம்மன் கோயில் பூசாரியும் அவர்தான்.

ஜீப்பின் முன்சீட்டில் இருந்த மிஷன் செயலாளர் எபநேசருக்கு வேர்த்துக் கொட்டியது. பின்சீட்டில் தகரப் பெட்டியோடு உட்கார்ந்திருந்த நர்ஸ் ஞானசுந்தரி மீது எரிந்து விழுந்தார். "பாத்தீங்களா சிஸ்டர், நீங்க ஊழியம் செஞ்ச லட்சணத்தை? எழுபதுலேருந்து ஒன்பது வருஷம் மருந்து கொடுத்தீங்க. வெட்ட வந்து நிக்கிறானுங்க!"

ஞானசுந்தரி பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். சொல்ல வேண்டியதையெல்லாம் காலையிலேயே சொல்லியாகிவிட்டது.

காலையில் வந்து இறங்கியதும் எபநேசர் மருந்து அலமாரியைப் பார்க்கவில்லை. காய்ச்சலும் சொறியுமாக வாசலில் காத்துக்கிடந்த ஜனத்தையும் பார்க்கவில்லை. மனுஷன் கேட்டது, மதம் மாறியவர் பெயரை எழுதும் ஞானஸ்நான நோட்டை. ஒன்பது வருடத்தில் அதில் ஒரு பெயர்கூட ஏறவில்லை.

"ஒரு ஆத்துமாகூட இல்லையா? கமிட்டிக்கு நான் என்ன பதில் சொல்றது? இன்னியோட டிஸ்பென்சரியை மூடியாச்சு, பெட்டியைக் கட்டுங்க!" அவர் போட்ட சத்தம் ஊர்க்கோடி வரைக்கும் கேட்டது.

"இந்த ஊர்ப் பொண்ணு மாதம்மாளுக்கு இது மாசம். புள்ள குறுக்கால கெடக்குது. பத்து நாள் டயம் குடுங்கய்யா" என்று ஞானசுந்தரி கெஞ்சினாள். அவர் மசியவில்லை. அப்போதுதான் அவளுக்குக் கோபம் தலைக்கேறியது.

"கர்த்தர் என்னைக் காயத்துக்குக் கட்டுப் போட அனுப்பினாரு. தலை எண்ணுறதுக்கு அனுப்பல!"

"வாயை அடக்குங்க! கமிட்டி முடிவு முடிவுதான்!"

தலை எண்ணுவதற்குத்தான் அங்கே என்ன இருந்தது? அவள் மலையேறிய முதல் வருடமே இதே சின்னதம்பி டிஸ்பென்சரி வாசலில் நின்று ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டாரே.

"மருந்து வாங்கினா வாங்கிக்கோங்க. இந்தம்மா சாமி தண்ணிய எவனாவது தலைல வாங்கினான்னு வெச்சிக்க, அவனுக்கு இந்த ஊர்ல நெருப்பு கெடையாது, தண்ணி கெடையாது. சாதிய வுட்டே தள்ளிடுவோம்!"

அந்த மனுஷன்தான் இப்போது கொடுவாளோடு ஜீப்பை நெருங்கினார். "டேய், மொதல்ல அந்தப் பொட்டிய எறக்குங்கடா. பாத்து, மெதுவா! உள்ளாற ஊசி மருந்து கீது."

இரண்டு பேர் பெட்டியை அலுங்காமல் இறக்கி ஓரமாக வைத்தார்கள். கொள்ளை வேறு அடிக்கிறானுங்களே என்று எபநேசர் பல்லைக் கடித்தார்.

ஞானசுந்தரி ஜீப்பிலிருந்து குதித்தாள். "கவுண்டரே, உங்களுக்கு இன்னா வந்தது? இத்தினி வருஷத்துல ஒருத்தரையாவது சாமி மாறச் சொன்னேனா? போறவள நிம்மதியாப் போகக்கூட வுட மாட்டீங்களா?"

"நீ சும்மா இரும்மா!" அவள் பக்கம் திரும்பாமலே அதட்டினார் கவுண்டர். பார்வை எபநேசரை விட்டு அகலவில்லை. "யோவ், காலைல ஒரு நோட்ட வெச்சிக்கினு குதிச்சியே, அத்த எடு வெளிய!"

எபநேசர் தோல்பையை மார்போடு இறுக்கிக்கொண்டார். மதம் மாறினவன் பெயரைத் தேடத்தான் வந்திருக்கிறான் என்று அவருக்குப் புரிந்தது. அட, பெயர்தான் ஒன்றும் இல்லையே! போன உயிர் திரும்பி வந்தது அவருக்கு.

"கவுண்டரே, ஆண்டவர்மேல சத்தியமா சொல்றேன். உங்க ஜனத்துல ஒருத்தர் பேருகூட இதுல இல்லை!" நோட்டை எடுத்துப் பக்கம் பக்கமாக விரித்துக் காட்டினார். "இதோ பாருங்க, காலி. இதுவும் காலி. சிஸ்டர் யாரையும் மாத்தலைங்க, தங்கமானவங்க!"

காலையில் எந்தப் பக்கத்தைக் காட்டி அவளைத் திட்டினாரோ, அதே பக்கம். வெறும் தாள் அவருக்கு அவ்வளவு சீக்கிரம் இனித்துவிட்டது!

சின்னதம்பி நோட்டைப் பிடுங்கிப் புரட்டினார். எழுத்துத் தெரியாதவர்தான். அதற்காக வெறும் தாள் தெரியாமல் போய்விடுமா?

"இது காலியா கெடக்குதுன்னுதான இந்தம்மாவ இஸ்துகினு போற?"

எபநேசர் ஆமாம் என்றும் தலையாட்டினார், இல்லை என்றும் தலையாட்டினார்.

கவுண்டர் கொடுவாளைக் கீழே போட்டார். தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, நோட்டை எபநேசரின் மடியில் விட்டெறிந்தார்.

"எழுதுய்யா, மொதல் பேரு சின்னதம்பி!"