அம்பு போன இடம்

“எழுதும் பிள்ளை. எங்கடை பொடியன் கெட்டது சேர்க்கையாலை. முதல் பேர் சிமியோன், குருநகர்.”

கதிரவேலர் கதிரையில் முதுகு சாயாமல் இருந்து சொன்னார்.

நன்னடத்தை அலுவலகத்திலிருந்து வந்த லவீனா பேனையை எடுக்கவில்லை.

“சேர்க்கையை நாங்கள் அளந்திட்டம், ஐயா.”

அளப்பதா? சேர்க்கை என்ன புகையிலைத் தோட்டமா? அவருக்குச் சிரிப்பு வந்தது.

ஆனால் திங்கட்கிழமை நீதவான் வாசிக்கப்போவது இவளுடைய அறிக்கையைத்தான். பேரன் சிவகரன் பண்டத்தரிப்பு வீட்டுக்குத் திரும்புவானா, சீர்திருத்தப் பாடசாலைக்குப் போவானா என்பது அதில் இருந்தது. மூன்று தலைமுறையாகப் பொலிஸ்காரன் படலை திறக்காத வீடு.

உடுவிலில் ஒரு வீட்டின் யன்னல்களை நொறுக்கி, முற்றத்தில் நின்ற மோட்டார் சைக்கிளைக் கொளுத்தியவர்கள் சிவகரனோடு சேர்த்து ஐந்து பேர். ஐவரையும் தனித்தனியே இருத்தி லவீனா ஒரே கேள்வியைக் கேட்டிருந்தாள். இதைச் செய்தால் யார் உன்னை மெச்சுவார் என்று நினைத்தாய்?

தாளை விரித்தாள். ஆளுக்கொரு வட்டம். பதில் சொன்னவனிடமிருந்து, அவன் சொன்ன பெயருக்கு ஓர் அம்புக்குறி.

சிமியோனின் வட்டத்துக்கு ஓர் அம்பும் வரவில்லை.

நான்கு அம்புகளும் சிவகரனிடம் வந்து நின்றன.

கதிரவேலருக்கு முதலில், ஒரு கணம், நெஞ்சு நிமிர்ந்தது. பிறகுதான் திங்கட்கிழமை நினைவுக்கு வந்தது.

“அப்ப உவன் ஒருத்தற்றை சொல்லையும் கேக்கேல்லை?”

லவீனா விரலை நகர்த்தினாள். சிவகரனிடமிருந்தும் ஓர் அம்பு புறப்பட்டிருந்தது. கூட்டாளிகளை எல்லாம் தாண்டி, தாளின் ஓரத்தில் தனியாகக் கிடந்த ஒரு சதுரத்துக்குப் போனது.

“கூட்டாளியள் அல்லாத வேறை ஆளெண்டால் சதுரம், ஐயா.”

சதுரத்துக்குள் ‘அப்பப்பா’ என்று இருந்தது.

கீழே சிவகரன் சொன்னதை அப்படியே எழுதியிருந்தாள். அந்த உடுவில் வீட்டுப் பொடியன் அக்கா உதயகலாவைப் பெண் கேட்டு வந்துபோன அன்று, அப்பப்பா சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டுச் சொன்னாராம், வீடேறி வந்தவனுக்குப் பதில் குடுக்க இஞ்சை ஒரு ஆம்பிளை இல்லையென்று.

சொன்னதுதான். அவர் மறுக்கவில்லை.

“உதை நீதவான் கோட்டிலை வாசிப்பாரோ?”

“ஓம் ஐயா.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “விருப்பமில்லாட்டி ‘சொந்தக்காரர் ஒருவர்’ எண்டு மாத்தி எழுதலாம்.”

கதிரவேலர் பேனைக்குக் கை நீட்டினார்.

‘அப்பப்பா’ என்பதை ஒரே கோட்டில் வெட்டினார். லவீனா திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

அதற்கு மேலே, வாசிப்பவர் தடுமாறாத கொட்டை எழுத்தில் எழுதினார்: ஆறுமுகம் கதிரவேலு, இளைப்பாறிய கிராம விதானையார், பண்டத்தரிப்பு.

எழுதி முடித்ததும் திகதியும் போட்டார்.