நம்பர் இல்லாத வண்டி

"டீச்சர், நொறுங்கின வண்டியோட நம்பர் என்ன? கடைசி ரெண்டு எண் மட்டும் சொல்லுங்க போதும்!"

கோராட் நகருக்குப் போகும் சாலையின் வளைவில் மோட்டார் சைக்கிள் லாரியில் மோதிய செய்தி, அங்கிருந்து ஓடிவந்த மாலி டீச்சருக்கு முன்பே நூடுல்ஸ் கடைக்கு வந்துவிட்டது. மதியம் லாட்டரி குலுக்கல். விபத்து வண்டியின் எண்ணுக்குப் பரிசு விழும் என்று சத்தியம் செய்கிற ஊர் எங்களுடையது. எரிகிற வீட்டில் பிடுங்கியது ஆதாயம்!

கேட்டவர் ஊர்த்தலைவர் பிரசோங். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பத்திரமாக வண்டி ஓட்டச் சொல்லித்தரும் வகுப்புக்கு ஊர்ப் பணம் கேட்டு, ஒரு வருடமாக மாலி அவர் பின்னால் அலைகிறாள். கொடுத்தால்தானே?

மாலி கடை வாசலிலேயே நின்றாள். சட்டைக் கையில் ரத்தம்.

"என்ன டீச்சர், மீன்குஞ்சுக்கு எதுக்கு நீச்சல் வகுப்புன்னு கேட்டேனே, அந்தக் கோவமா?"

கடையே சிரித்தது.

"வண்டிக்கு நம்பரே இல்ல, தலைவரே. புதுசு. இன்னும் பதிவு பண்ணல."

"அட, போச்சுடா! ஓட்டினவன் லைசென்ஸ்ல ஏதாவது நம்பர் இருக்குமே?"

"லைசென்ஸ் எடுக்குற வயசு இல்ல."

"செத்துட்டானா?"

மாலி ஆமென்று தலையசைத்தாள்.

"அப்ப வயசைச் சொல்லுங்க. செத்தவங்க வயசுக்கும் விழும்."

"வேணாம். கொஞ்சம் வெளிய வாங்க, தலைவரே."

"சொல்லுங்க, வர்றேன். நல்ல சீட்டெல்லாம் வித்துடும்!"

"பதினாலு," என்றாள்.

தலைவர், கடையில் லாட்டரிச் சீட்டு விற்றுக்கொண்டிருந்தவளின் தட்டைப் புரட்டி, பதினாலில் முடிகிற சீட்டுகளைத் தேடித்தேடி எடுத்தார்.

"பரிசு விழட்டும், உங்க வகுப்புக்கு என் கைக்காசையே தர்றேன். பதினாலு வயசுப் பையனுக்கு வண்டி வாங்கிக் குடுத்திருக்கானே, அந்த அப்பனைச் செருப்பால அடிக்கணும்!"

"அப்பாவுக்குத் தெரியாது, தலைவரே. அவருக்குத் தெரியாம அம்மாதான் நேத்து வாங்கிக் குடுத்தாங்களாம்."

"யார் அந்தப் புத்திகெட்டவ?"

மாலி அழுதுவிட்டாள்.

"சீட்டைக் கீழ வச்சிட்டு வாங்க. உங்க வீட்டம்மா மகன் தலையை மடியில வச்சுக்கிட்டு, உங்களைத்தான் கூட்டிட்டு வரச் சொன்னாங்க."