நீயே மாடி

"என்னங்க, அந்த நடுவீட்டு மனுசன் இன்னைக்காவது சரின்னு சொன்னாரா?" அருப்புக்கோட்டை அம்மா வீட்டிலிருந்து ரேவதி போனில் கேட்டாள்.

"எங்க சொன்னான்? வழக்கம்போல 'நீயே மாடி, நீயே மாடி'ங்கிறான். மாடியில குடியிருக்கிறது நீதான, ஒழுகுனா நீயே பாத்துக்கோங்கிறான்." ராஜ்குமாருக்குக் குரல் ஏறியது. "அதுலயும் 'நீ'யாம்! என் மொகத்தக்கூடப் பாத்ததில்ல. நீ, வா, போன்னு பேசுறான். கடைசியில நக்கலா ஒரு 'சார்' வேற."

"பிள்ளையப் பத்திச் சொன்னீங்களா?"

"சொன்னேன். பச்சப்பிள்ள வரணும் சார், தொட்டில் கட்டுற எடத்துலயே காரை பேந்து விழுதுன்னேன். அதுக்குப் 'பாலு கொடு'ங்கிறான். பிள்ளைக்குப் பாலக் குடுத்துட்டுச் சும்மா கெடங்கிறான்!"

ரேவதி மெதுவாகச் சொன்னாள்: "கோவிச்சுக்காதீங்க. அந்தக் கூரைய நம்பி நான் பிள்ளையத் தூக்கிட்டு வர மாட்டேன்."

அவள் சொன்னதில் தப்பில்லை. மகள் குப்புற விழுந்ததையும் தவழ்ந்ததையும் ராஜ்குமார் வீடியோவில்தான் பார்த்தான். இரண்டு முறையும் போனை வைத்துவிட்டு அழுதான். அது ரேவதிக்குத் தெரியாது.

கம்பெனி மாற்றலில் ஓசூருக்கு வந்த கையோடு, மூக்கண்டப்பள்ளியில் கடன் வாங்கி வாங்கிய வீடு இது. ஒன்றன்மேல் ஒன்றாக மூன்றே வீடுகள் உள்ள பழைய கட்டடம். தரைத்தளம் ஃபக்ருதீன் பாய்க்குச் சொந்தம். நடுவீடு பெங்களூரில் இருக்கும் திம்மப்பனுடையது, பூட்டியே கிடக்கிறது. மேல்வீடு ராஜ்குமாருடையது. மொட்டை மாடி மூவருக்கும் பொது. விரிசலைக் கொத்திப் பூசி, புதுத் தளம் போட வேண்டும். மூன்று பேரும் சம்மதித்தால்தான் மாடியில் கை வைப்பேன் என்று மேஸ்திரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

பாயும் லேசுப்பட்ட ஆள் இல்லை. "திம்மப்பன் மொதல்ல சரின்னு சொல்லட்டும் தம்பி. அப்புறம் நான் ஏன் குறுக்க நிக்கப் போறேன்?" என்று ஒவ்வொரு முறையும் நழுவிவிடுவார். நீங்களே அவரிடம் பேசிப் பாருங்கள் என்றால் அதற்கும் மாட்டார். தண்ணீர் மோட்டார் தகராறில் இருவருக்கும் பேச்சு நின்று பல வருடம் ஆகிறது.

ராஜ்குமாரும் பாயிடம் "அவரு ஒத்துக்கல" என்பதோடு நிறுத்திக்கொள்வான். ஒருவன் தன்னை நீ என்று பேசுவதை இன்னொருவரிடம் சொல்ல அவனுக்கு மானக்கேடாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை மானத்தைத் தூரப் போட்டுவிட்டு அவன் கீழே இறங்கினான். பாய் வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பாய், நான் கேஸ் போடப் போறேன்."

"கேஸா? யார் மேல தம்பி?"

"திம்மப்பன் மேலதான். கோர்ட்டுல நீங்க சாட்சி சொல்லணும்."

பாய் துணியைக் கீழே வைத்தார். "எனக்கு எதுக்கு தம்பி வம்பு? அவரு என்ன பேசுனாருன்னே எனக்குத் தெரியாதே."

"இப்பத் தெரிஞ்சுக்கோங்க. ஸ்பீக்கர்ல போடுறேன். அந்தாளு பேசுற பேச்ச உங்க காதால கேளுங்க."

மணி அடித்தது. அந்தப் பக்கம் திம்மப்பன் எடுத்ததும் ராஜ்குமார் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"யோவ், கடைசியாக் கேக்குறேன். மொட்ட மாடி வேலைக்கு நீ சம்மதிக்கிறியா, இல்லையா? எம் பிள்ள இந்த வீட்டுக்கு வரணுமா, வேண்டாமா?"

பின்னால் பஸ் இரைச்சல் கேட்டது. திம்மப்பன் பதறாமல் பதில் சொன்னார். "ஐயோ, நீவே மாடி சார். நன்ன பாலு கொட்தீனி."

ராஜ்குமார் போனை அணைத்தான். "கேட்டீங்கள்ல பாய்? அதே பேச்சு! நீயே மாடி, பாலு கொடு!"

பாய் அவனையே பார்த்தார். ஓசூரிலேயே பிறந்து வளர்ந்த மனிதர். அவருக்குச் சிரிப்பு வந்தது; அடக்கிக்கொண்டார்.

"தம்பி, மொத நாள்ல இருந்து அவரு இதையேதான் சொல்றாரா?"

"ஆமா பாய். ஒரு எழுத்து மாத்தல."

"அவருக்குத் தமிழ் புரியும், பேச வராது. அது கன்னடம். 'நீவே'ன்னா நீங்களே. 'மாடி'ன்னா செய்யுங்க. 'பாலு'ன்னா பங்கு. 'நீங்களே செய்யுங்க சார், என் பங்கை நான் குடுத்துடறேன்'ங்கறாரு மனுசன்."

ராஜ்குமார் பைக் சீட்டிலேயே உட்கார்ந்துவிட்டான்.

பாய் அவன் தோளில் கை வைத்தார். "அப்போ இந்தக் கட்டடத்துல இத்தன நாளா ஒத்து வராம இருந்தது நாம ரெண்டு பேருதான் தம்பி."