நெரிசலின் வாசனை

பெரியத்தை மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நுண்ணோக்கியில் கண்ணை வைத்தார்.

“ஒண்ணுமே தெரியலையே. நூல் துணுக்கு மாதிரி என்னவோ கெடக்கு.”

“அதுதான் புழு, பெரியத்தை.”

“இந்தத் துணுக்கைப் பாக்கவா காலையில அரக்கப்பரக்க ஓடி வர்றே?”

அவள் சிரித்துவைத்தாள். பெரியத்தை குனிந்ததில் தைல வாடை குப்பென்று எழுந்தது. ஆளுக்கு முன்னால் அறைக்குள் நுழைவது அந்தத் தைலம்தான். இப்போதெல்லாம் அது அவளுக்கு வயிற்றைப் புரட்டியது. ஜன்னல் பக்கமாக நகர்ந்துகொண்டாள்.

பெரியத்தை, மாமியாரின் அக்கா. வீட்டில் குழாய் ஒழுகுகிறது, சரிசெய்யும்வரை இருக்கிறேன் என்று பெட்டியோடு வந்து இறங்கியவர். பின்னாலேயே கணவர், மகன், மருமகள், இரண்டு வாண்டுகள். குழாய் எப்போதோ சரியாகியிருக்க வேண்டும். அதைக் கேட்க வீட்டில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

அவளுடைய படுக்கையறை அவர்களுக்குப் போயிற்று. அவளும் கணவனும் கூடத்துச் சோபாவை விரித்துப் படுக்கிறார்கள். தண்ணீர் குடிக்க எழுந்து வருகிறவர்கள் எல்லாரும் அவர்கள் காலைத் தாண்டித்தான் போகவேண்டும். மாற்றுப் புடவை எடுக்கக்கூடத் தன் அறைக் கதவைத் தானே தட்டிவிட்டு நிற்கவேண்டும்.

இந்த லட்சணத்தில், காலைக் காப்பியோடு சேர்ந்து வரும் பெரியத்தையின் கேள்வி: “என்னம்மா, விசேஷம் ஏதாவது உண்டா?”

புழுவைக் கட்டிக்கொண்டு அழுவதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று இன்று முடிவுகட்டி, அதை நேரில் பார்த்தே தீருவதென்று ஆய்வகத்துக்கே கூடக் கிளம்பி வந்துவிட்டார்.

“இதுல ஆம்பளை எது, பொம்பளை எது?”

“பெரும்பாலும் ரெண்டும் ஒண்ணுலயே இருக்கும். அதுவே முட்டை போட்டுக்கும்.”

“கொடுத்துவச்சது. மாமியார் கெடையாது.” பெரியத்தை தன் நகைச்சுவைக்குத் தானே குலுங்கினார். பிறகு, “ஏன் இதுங்க அசையாம கெடக்கு? செத்துப்போச்சா?”

இந்தக் கேள்வி வராமல் போய்விட்டால் என்ன செய்வதென்று வழி முழுக்கக் கவலைப்பட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

“சாகல. குஞ்சா இருக்கறப்பவே இதுங்க சுத்திலும் மோந்து பாக்கும். ஒவ்வொரு புழுவும் ஒரு வாசனை விடும். அது அளவா இருந்தா சரி. மூச்சு முட்டற அளவுக்குப் போனா, இங்க கூட்டம் ஜாஸ்தின்னு தெரிஞ்சுக்கும். வளர்றதையே நிறுத்திடும்.”

“நிறுத்திக்கிட்டு?”

“வாயை மூடிக்கும். திங்காது. பெரிசாகாது. குஞ்சு குட்டின்னு எதுவும் கெடையாது. சும்மா காத்துக்கிட்டே இருக்கும், மாசக்கணக்குல.”

இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. எந்தப் பாடப்புத்தகத்திலும் இருப்பதுதான். இருந்தும் சொல்லச் சொல்ல அவளுக்குக் காது சூடேறியது. பேசவேண்டியதையெல்லாம் சோபாவில் படுத்தபடி எத்தனை முறை மனசுக்குள் அடுக்கிப் பார்த்திருப்பாள். விடிந்ததும் ஒரு வார்த்தை மிஞ்சாது. கடைசியில் அவளுக்காகப் பேச ஒரு புழுதான் அகப்பட்டது.

பெரியத்தை நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. குரல் மட்டும் இறங்கியிருந்தது.

“அப்போ இப்படியே கெடக்கவேண்டியதுதானா, பாவம்?”

அவள் வேறொரு தட்டை எடுத்து வைத்தாள். “இதுவும் அதே கூட்டத்துல கெடந்ததுதான். தனியா எடுத்து, தீனி போட்டு வச்சேன். அவ்வளவுதான்.”

கொழுத்த புழு ஒன்று சாவகாசமாக நெளிந்து போயிற்று. கண்ணாடி போன்ற உடம்பு.

“வயித்துல என்ன அது, மணி மணியா?”

“முட்டை.”

பெரியத்தை நிமிர்ந்தார். கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். அவளைப் பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்தார். உதடு முணுமுணுக்க விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. வீட்டிலுள்ள தலைகளை எண்ணுகிறார் என்று அவளுக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது.

கைப்பேசியை எடுத்துக்கொண்டு வெளியே தாழ்வாரத்துக்குப் போனார். போய் என்ன பயன், அந்தக் குரலுக்குக் கதவெல்லாம் ஒரு பொருட்டா?

“டேய், நாளைக்கு வண்டி சொல்லிடு... எல்லாரும்தான்... ஏன் எதுக்குன்னு கேக்காதே. நம்ம வாசனை அந்தப் பொண்ணுக்கு ஆகல. அவ்வளவுதான்.”

திரும்பி வந்து அவள் கன்னத்தைத் தடவினார். கண் கலங்கியிருந்தது.

“அசடு. வாயைத் தொறந்து சொல்லியிருக்கக் கூடாதா? நாங்க போனதும் பாரு, எல்லாம் மளமளன்னு நடக்கும்.”

படியிறங்கும் அந்த முதுகைப் பார்த்தபோது அவளுக்கு என்னவோபோல் இருந்தது. கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு நொடி வாயெடுத்தாள். அப்புறம் சோபா ஞாபகம் வந்தது.

தைல வாடை அடங்கியதும் மாமியாரை அழைத்தாள்.

“அத்தை, நாளைக்கே கிளம்பறாங்க.”

மறுமுனையில் ஒரு பாத்திரம் டொக்கென்று கீழே இறங்கியது.

“நெஜமாவா? அப்பாடா.” மாமியார் குரலைத் தணித்துக்கொண்டார். “இந்தா பாரு, டாக்டர் சொன்ன சேதி நம்ம மூணு பேரோட இருக்கட்டும். வண்டி தெருமுனை தாண்டினப்புறம் நானே சொல்லிக்கறேன். இப்ப காதுல விழுந்துச்சுன்னா, கூடமாட ஒத்தாசைக்குன்னு பிரசவம் வரைக்கும் இங்கயே இருந்துடுவா எங்க அக்கா.”