ஸ்பிரிட் பஞ்சு

பஞ்சில் கறுப்பாக இறங்கியது. கறுப்புக்குள் ஒரு சிவப்பு இழை.

அவளுக்குக் குமட்டியது.

பல்லைக் குடையும் ஹேண்ட்பீஸ் அது. காற்றின் வேகத்தில் சுழல்வது. ஓடும்போது கிறீச்சிட ஆரம்பித்திருந்ததால், எண்ணெய் போடச் சொல்லி டாக்டர், கிளினிக்கில் உதவிக்கு நிற்கும் அவளிடம் கொடுத்திருந்தார். பின்பக்கம் எண்ணெய் விட்டு, பஞ்சின் மேல் பிடித்துக் காற்றைத் திறந்தால், வயிற்றில் உள்ளதையெல்லாம் கக்கிவிடும்.

இப்போது கக்கியது யாருடைய எச்சில், யாருடைய ரத்தம்?

காலையிலிருந்து அந்த நாற்காலியில் சாய்ந்தவர்கள் எல்லோருடையதும்தான்.

காற்றை நிறுத்தும் ஒவ்வொரு முறையும், வாயில் இருப்பதை அது கொஞ்சம் உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். அடுத்த வாயில் துப்பும்.

டாக்டருக்கு இது தெரியாதா என்ன? படித்துக் கிழித்தவர். கிருமி சாகக் கருவிகளை நீராவியில் வேகவைக்கும் பெட்டி மூலையில் இருக்கிறது. அதன் மேல் பிளாஸ்டிக் பூச்சாடி. ஒவ்வொரு ஆளுக்கும் சூடாக்கி, ஆறவைத்து எடுக்க அவருக்கு ஏது பொறுமை?

ஆகவே ஸ்பிரிட் பஞ்சு. ஒரே இழுப்பு. மேலே பளபளவென்று ஆகிவிடும்.

எச்சில் டம்ளரின் வெளிப்பக்கத்தை மட்டும் துடைத்து, அடுத்தவருக்குத் தண்ணீர் மொண்டு கொடுப்பது போல.

ஒருமுறை அவரிடம் சொல்ல வாயைத் திறந்தாள். உன் வேலையைப் பார் என்றார். அவளும் பார்த்தாள். துடைத்துத் துடைத்து நீட்டினாள். அந்தக் கையாலேயே மத்தியானச் சோற்றைப் பிசையும்போது, முதல் கவளம் உள்ளே இறங்க மறுக்கும்.

இப்போதும் துடைத்துத் தட்டில் வைத்தாள்.

டாக்டரின் மகள் கல்லூரிப் பையோடு நேராக உள்ளே வந்தாள். கடைவாயில் சொத்தை. பையைக் கீழே போட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள்.

டாக்டர் கையை நீட்டினார். அவள் ஹேண்ட்பீஸை வைத்தாள்.

சுட்டது போல அதைத் திரும்பத் தட்டில் போட்டார்.

"இதில்ல. பையில ஒட்டி வெச்சிருக்கறத எடு."

வேகவைத்துப் பையில் அடைத்த ஒன்று அலமாரியில் எப்போதும் இருக்கும். வீட்டு ஆட்களுக்கு.

"அது இல்லீங்க சார். காலைல மாசமா ஒரு அக்கா வந்தாங்கல்ல, அவங்களுக்குப் பிரிச்சுட்டேனுங்க."

அவர் அவளை முறைத்தார். மகள் வாயைத் திறந்தபடி கிடந்தாள்.

பிறகு அவர் தட்டைப் பார்த்தார்.

முகம் சுருங்கியது. மூக்கு விடைத்தது. அதை அவள் நன்றாகப் பார்த்துக்கொண்டாள். அதே குமட்டல். இத்தனை நாள் அது தனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தாள்.

அவர் விளக்கை ஒதுக்கினார்.

"மெஷின் இன்னிக்குச் சரியில்ல, கண்ணு. நாளைக்குப் பாத்துக்கலாம்."

மகள் பையை எடுத்துக்கொண்டு போனாள்.

மகள் வாசலைத் தாண்டும் வரை டாக்டர் பார்த்திருந்தார். பிறகு விளக்கை மறுபடி இழுத்தார். கையுறையைச் சரிசெய்துகொண்டார். தட்டில் கிடந்ததை எடுத்துக் காற்றுக் குழாயில் மாட்டினார்.

"அடுத்த ஆள வரச் சொல்லு."

அவளுக்கு த்தூ என்று துப்ப வேண்டும் போலிருந்தது. விழுங்கிக்கொண்டாள்.

வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள். முதலில் ஒரு பெரியவர், வீங்கிய கன்னத்தை உள்ளங்கையில் தாங்கியபடி. பக்கத்தில் மடியில் குழந்தையோடு ஒரு பெண்.

இந்த வேலை போனால் கரூரில் இன்னொன்று லேசில் கிடைக்காது.

பெரியவர் எழுந்துகொண்டார்.

அவள் கதவை விரியத் திறந்தாள். உள்ளே இருப்பவருக்கும் கேட்கட்டும்.

"மெஷின் இன்னிக்குச் சரியில்லீங்க. நாளைக்கு வாங்க. இப்பத்தான் டாக்டரே அவங்க பொண்ணுகிட்டச் சொல்லி அனுப்புனாருங்க."